உலகின் முதல் விமான சேவையும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற சின்ன ஊரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில், என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1914 ஜனவரி 1, வியாழக்கிழமை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்ற கடலோர ஊரிலிருந்து ஒரு நீர்விமானம் காலை பத்து மணி வாக்கில் கிளம்பியது. விரிகுடாவைக் கடந்து, 23 நிமிடத்தில் எதிர்க்கரையில் இருந்த டாம்பாவில் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர்: ஓட்டிய டோனி ஜானஸ், பணம் கொடுத்து ஏறிய ஏப்ரம் ஃபைல். அறிவித்த நேரத்தில், அறிவித்த கட்டணத்தில், யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி ஏறக்கூடிய முதல் இறக்கை விமான சேவை அன்றுதான் தொடங்கியது. அதன் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்–டாம்பா ஏர்போட் லைன். நான்கு மாதம் ஓடி, 1,205 பேரை ஏற்றிச் சென்றுவிட்டு, மே முதல் வாரத்தில் நின்றுபோனது.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்றால் ரஷ்யாவில் இருப்பதுதானே?

இது வேறு. ஆனால் பெயர் அங்கிருந்து வந்ததுதான். 1888இல் இந்த ஊருக்கு ரயில் பாதை போட்டவர் பீட்டர் டெமென்ஸ் என்ற ரஷ்யக் குடியேறி. தான் இளமையைக் கழித்த, அன்றைய ரஷ்யத் தலைநகரின் பெயரை ரயில் பாதையின் கடைசி நிலையத்துக்குச் சூட்டினார். மெக்சிகோ வளைகுடாவுக்கும் டாம்பா விரிகுடாவுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பத்தின் நுனியில் ஊர் இருக்கிறது. 1910 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 4,127 பேர்தான். எதிரே இருந்த டாம்பாவில் 37,000க்கும் மேல்.

இவ்வளவு சின்ன ஊரில் ஏன்? நியூயார்க், சிகாகோ எல்லாம் இருக்கும்போது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. நியூயார்க்கிலிருந்தும் சிகாகோவிலிருந்தும் நல்ல ரயில்கள் ஓடின. அன்றைய விமானம் அவற்றோடு போட்டி போட முடியாது. மணிக்கு அறுபது மைலைத் தாண்டத் திணறும், காற்று பலமாக அடித்தால் கிளம்பாது, இரவில் பறக்காது. நெடுந்தூரத்துக்கு ரயிலே வேகம், ரயிலே நம்பகம், ரயிலே மலிவு.

விமானத்துக்குத் தோதான இடம் வேறு மாதிரி இருக்க வேண்டும். பறக்கும் தூரம் குறைவாகவும், தரைவழி சுற்றுவழியாகவும், இரண்டு முனையிலும் ஆட்கள் போய்வர வேண்டிய தேவையும் இருக்க வேண்டும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் டாம்பாவுக்கும் இடையே இந்த மூன்றும் கச்சிதமாகப் பொருந்தின. நேர்க்கோட்டில் சுமார் இருபது மைல். நீராவிப் படகில் போனால் இரண்டு மணி நேரம். ரயில் விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு வரும். இணைப்பைப் பொறுத்து நான்கு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம்வரை ஆகும். காரில் போவதென்றால் அன்றைய மணல் பாதைகளில் இருபது மணி நேரம் ஆகும் என்பார்கள். விமானத்தில் அரை மணிக்கும் குறைவு.

டாம்பாவுக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. மொத்த வியாபாரிகள், வங்கிகள், பெரிய கடைகள் எல்லாம் அந்தக் கரையில். 1911வரை இந்தத் தீபகற்பமே டாம்பாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஹில்ஸ்பரோ மாவட்டத்தில்தான் இருந்தது. நீதிமன்ற வேலை, பத்திரப் பதிவு எதுவானாலும் கடல் தாண்ட வேண்டும். எங்கள் வரிப்பணத்தில் எங்கள் பக்கம் ரோடு போடுவதில்லை என்று சண்டை பிடித்து, 1912 ஜனவரி 1 முதல் பினெல்லஸ் என்ற தனி மாவட்டமாகப் பிரிந்தார்கள். ரோட்டுக்காகப் பிரிந்து போன ஊர், சரியாக இரண்டு வருடம் கழித்து ரோடே தேவைப்படாத வழியைத் திறந்தது.

இன்னொன்று, அது சுற்றுலா ஊர். பனிக்காலத்தில் வட மாநிலங்களிலிருந்து குளிருக்குத் தப்பி வருபவர்கள் கையில் காசும் வைத்திருப்பார்கள், நேரமும் வைத்திருப்பார்கள். நிலம் விற்பவர்களுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் ஊர் பெயர் வர வேண்டும் என்ற தவிப்பு வேறு.

விமான ஓடுதளம்? தேவையே இல்லை. விரிகுடா முழுவதும் ஓடுதளம்தான். காசு கொடுத்து நிலம் வாங்க வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம், எஞ்சின் நின்றால் இருக்கிற இடத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.

யாருடைய யோசனை இது?

பெர்சிவல் ஃபேன்ஸ்லர். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் படகு எஞ்சின் விற்றுக்கொண்டிருந்த பொறியாளர். விமானக் கண்காட்சிகள் பரபரப்பாக நடந்துகொண்டிருந்த காலம் அது. விமானி மேலே ஏறுவார், வட்டமடிப்பார், கீழே வருவார். கூட்டம் கைதட்டிவிட்டுக் கலையும். கிளம்பிய இடத்திலேயே இறங்கும் இந்த வேடிக்கையில் என்ன பிரயோஜனம், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்று ஃபேன்ஸ்லர் யோசித்தார். செயின்ட் லூயிஸ் நகரில் நீர்விமானம் தயாரித்துக்கொண்டிருந்த தாமஸ் பென்வாவுக்குக் கடிதம் எழுதினார். பென்வா விமானமும் விமானிகளும் தர ஒப்புக்கொண்டார்.

பணம்தான் சிக்கல். ஃபேன்ஸ்லர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்து ஊர் வர்த்தகக் கழகச் செயலாளர் விட்னியிடம் பேசினார். நிலத் தரகர் நோயல் மிட்செல் உள்படப் பல வணிகர்கள் ஆளுக்கு 100 டாலர் வீதம் கையைக் கடித்துக்கொள்ளத் துணிந்தார்கள். ஊர்த் தரப்பில் சேர்ந்த உத்தரவாதத் தொகை மொத்தம் 2,400 டாலர். ஒப்பந்தம் மூன்று மாதத்துக்கு. தினம் இரண்டு முறை போய்வர வேண்டும், வாரத்தில் ஆறு நாள். வசூல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அந்த நாளுக்கு ஊர் ஈடுகட்டும். முதல் மாதம் கூடுதலாக, அடுத்த இரண்டு மாதம் குறைவாக. விமானத்தை நிறுத்தக் கரையோரம் கொட்டகைக்கும் ஊரே ஏற்பாடு செய்தது.

இந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1913 டிசம்பரில். ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் மணலில் முதன்முதலில் பறந்து பத்து வருடம் ஆகியிருந்தது.

என்னைக் கேட்டால், இந்தக் கதையின் உண்மையான கண்டுபிடிப்பு விமானம் அல்ல, இந்த ஒப்பந்தம்தான். பறக்கத் தெரிந்தவர்கள் அதற்குள் உலகம் முழுக்க இருந்தார்கள். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பத்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும் என்ற கட்டாயமும், காலி இருக்கையோடு போகும் நாளின் நஷ்டத்தை யார் ஏற்பது என்ற முன்முடிவும் வேறெங்கும் இருக்கவில்லை. இன்றைக்கும் சின்ன விமான நிலையங்களுக்கு விமானம் வரவழைக்க அரசுகள் இதே வழியைத்தான் கையாளுகின்றன.

விமானம் எப்படி இருந்தது?

பென்வா 14 வகை. இரட்டை அடுக்கு இறக்கை, 26 அடி நீளம், இறக்கை விரிவு சுமார் 45 அடி. உடல் பகுதி நிஜமாகவே படகு: மெல்லிய ஸ்ப்ரூஸ் மரத்தை அடுக்கி, நடுவில் துணி வைத்துச் செய்தது. ராபர்ட்ஸ் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் எஞ்சின், 75 குதிரைத்திறன். மற்ற பல நீர்விமானங்களில் எஞ்சின் தலைக்கு மேலே தொங்கும். பென்வா அதைப் படகுக்குள்ளேயே, இருக்கைக்குப் பின்னால் வைத்தார். எடை கீழே இருந்ததால் தண்ணீரில் ஆட்டம் குறைவு. ஆனால் மேலே, பின்னால் சுழலும் புரொப்பெல்லருக்கு விசையைக் கொண்டுபோக ஒரு நீளச் செயின் தேவைப்பட்டது. அந்தச் செயின் பிறகு வேலை காட்டியது.

இருக்கை என்பது ஒரு மரப் பலகை. விமானியும் பயணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். கூரை இல்லை, கண்ணாடி இல்லை, இருக்கை வார் இல்லை. தண்ணீர் முகத்தில் தெறிக்கும். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் அலறும். பறக்கும் உயரம் பெரும்பாலும் ஐம்பது அடிக்கும் கீழே. அதிகபட்ச வேகம் மணிக்கு 64 மைல்.

முதல் பயணத்துக்குப் பயன்பட்ட விமானத்தின் பெயர் லார்க் ஆஃப் டுலூத். அதாவது டுலூத் ஊரின் வானம்பாடி. 1913 கோடையில் மினசோட்டா மாநிலத்து டுலூத்தில் ஓடியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பறந்து வரவில்லை. சரக்கு ரயிலில் வந்தது, அதுவும் தாமதமாக, டிசம்பர் 31 அன்று. முதல் விமான சேவையின் விமானம் ரயிலுக்காகக் காத்திருந்தது என்பதை எப்போது படித்தாலும் சிரிப்பு வரும்.

முதல் டிக்கெட்டை ஏலம் விட்டார்களாமே?

ஆமாம். டிக்கெட்டின் உண்மை விலை 5 டாலர். ஆனால் முதல் இருக்கை யாருக்கு என்பதை ஏலத்தில் முடிவு செய்தார்கள். ஏறத்தாழ 3,000 பேர் கரையில் திரண்டிருந்தார்கள். சில வருடம் முன்பு எடுத்த கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் ஊரில் முக்கால்வாசி. ஏலம் 400 டாலரில் முடிந்தது. எடுத்தவர் ஏப்ரம் ஃபைல். ஊரின் முன்னாள் மேயர், கட்டுமானத் தொழிலும் சரக்கு வியாபாரமும் செய்தவர். இன்றைய மதிப்பில் அது 12,000 டாலருக்கும் மேல். அந்தத் தொகை துறைமுக விளக்குகளுக்குப் போனது.

ஃபேன்ஸ்லர் சின்னதாகப் பேசினார். நேற்று முடியாது என்றிருந்தது இன்று முடிந்த காரியம், நாளை நம்பவே முடியாதது நடக்கும் என்ற பொருளில் அவர் சொன்னதை அமெரிக்க விமானப் புத்தகங்கள் இன்றும் எடுத்துப் போடுகின்றன. பிறகு ஜானஸ் எஞ்சினை முடுக்கினார். படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி மேலெழுந்தது.

நடு வழியில் எஞ்சின் தடுமாறியது. செயின் சரியாக ஓடவில்லை. ஜானஸ் அலட்டிக்கொள்ளாமல் விரிகுடாவில் இறக்கினார், சரி செய்தார், மறுபடி கிளம்பினார். இதையும் சேர்த்துத்தான் அந்த 23 நிமிடம். டாம்பாவில் ஹில்ஸ்பரோ ஆற்றில் இறங்கியபோது அங்கேயும் கூட்டம். ஃபைல் கொஞ்ச நேரம் கைகுலுக்கிவிட்டு, தன் கடைக்கு வேண்டிய சரக்குகளுக்கு மொத்த வியாபாரிகளிடம் ஆர்டர் கொடுத்துவிட்டுத் திரும்பினார். திரும்பும் பயணம் 20 நிமிடம். இந்த ஆர்டர் சமாச்சாரத்தைப் பலர் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். காலையில் போய் வியாபாரம் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர முடியும் என்று முதல் பயணியே செய்துகாட்டிவிட்டார்.

கால அட்டவணை, விதிகள் எல்லாம் இருந்தனவா?

இருந்தன. அவர்கள் வெளியிட்ட விளம்பரத் தாள் இன்றும் கிடைக்கிறது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து காலை 10, பிற்பகல் 2. டாம்பாவிலிருந்து காலை 11, பிற்பகல் 3. ஒரு வழி 5 டாலர், போக வர 10. தள்ளுபடி கிடையாது. இடத்தை முன்பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். பயணியும் கைப்பையும் சேர்ந்து 200 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 91 கிலோ. அதற்கு மேல் போனால் 100 பவுண்டுக்கு 5 டாலர் என்ற விகிதத்தில் கூடுதல் கட்டணம்; குறைந்தபட்சம் 25 சென்ட். இதில் பெட்டிக்கு மட்டுமல்ல, ஆளின் உடல் எடைக்கும் சேர்த்துத்தான் கணக்கு. குண்டானவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காசு எடுத்திருப்பார்கள்.

அதே தாளில் தனிப் பயணமும் உண்டு. தண்ணீர் வழியாக எவ்வளவு தூரமானாலும் போகலாம். உயரம் பயணியின் விருப்பம், நீர்மட்டத்திலிருந்து சில ஆயிரம் அடிவரை. குறைந்தபட்சக் கட்டணம் 15 டாலர். பார்சலுக்கு 100 பவுண்டுக்கு 5 டாலர். கொட்டகையிலிருந்து கொட்டகைவரை மட்டும், கொண்டுவந்து கொடுப்பதும் எடுத்துச் செல்வதும் வாடிக்கையாளர் பொறுப்பு. ஒரே பக்கத்தில் கட்டணம், எடை வரம்பு, முன்பதிவு, சரக்கு விதி, தனி வாடகை. ஒரு விமான நிறுவனம் இன்று வைத்திருக்கும் எல்லாப் பிரிவுகளுக்கும் விதை அதில் இருக்கிறது.

ஐந்து டாலர் சாதாரண மனிதர்களுக்கு எட்டுமா?

சிரமம். முதல் பயணம் நடந்து நான்கே நாளில், 1914 ஜனவரி 5 அன்று, டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு தன் தொழிலாளிகளுக்கு நாளொன்றுக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். அது அதுவரை இருந்த கூலியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. நாடே வாயைப் பிளந்தது. அந்த அதிசயக் கூலியில் ஒரு நாளைக் கொடுத்தால் ஒரு வழி டிக்கெட். மற்ற கூலிக்காரர்களுக்கு இரண்டு மூன்று நாள் உழைப்பு. ஆக, ஏறியவர்களில் பெரும்பாலோர் சுற்றுலா வந்த வசதியானவர்களும் அவசர வேலை இருந்த வியாபாரிகளும்தான்.

சரக்கும் ஏற்றினார்களா?

ஏற்றினார்கள். ஜனவரியிலேயே டாம்பாவில் இருந்த ஸ்விஃப்ட் இறைச்சி நிறுவனத்தின் ஹாமும் பேக்கனும் விமானத்தில் வந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மளிகைக் கடையில் இறங்கின. அமெரிக்காவில் விமானச் சரக்கு வியாபாரத்தின் ஆரம்பகால உதாரணங்களில் ஒன்று. விமானத்தில் வந்த இறைச்சி என்று ஸ்விஃப்ட்டும் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது.

பாதுகாப்பாக இருந்ததா?

அந்தக் காலத்துக்கு அசாத்தியமான பாதுகாப்பு. 1,205 பயணிகளில் ஒருவரும் உயிரிழக்கவில்லை, பலத்த காயமும் இல்லை. கண்காட்சி விமானிகள் வாரத்துக்கு ஒருவராக விழுந்து செத்துக்கொண்டிருந்த காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. விமானிக்கு உரிமம், விமானத்துக்குத் தகுதிச் சான்று என்றெல்லாம் அமெரிக்காவில் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்ததே 1926இல்தான். இங்கே காப்பாற்றியது சட்டம் அல்ல. தாழப் பறந்தார்கள், கீழே எப்போதும் தண்ணீர், சாகசம் காட்டும் ஆசையை ஒதுக்கி வைத்த விமானி.

ஜானஸ் அப்போது 24 வயதுக்காரர். ஆனால் கத்துக்குட்டி அல்ல. 1912 மார்ச் 1 அன்று செயின்ட் லூயிஸ் அருகே ஆல்பர்ட் பெர்ரி விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தபோது அந்த விமானத்தை ஓட்டியவர் ஜானஸ்தான். அதே வருடக் கடைசியில் ஒமாஹாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ்வரை மிசௌரி, மிசிசிப்பி ஆறுகளின் மேலாகவே 1,900 மைலுக்கும் மேல் பறந்திருக்கிறார். ஆற்றையும் கடலையும் ஓடுதளமாகப் பார்க்கப் பழகியவர். ஏர்போட் லைனில் அவருடைய தம்பி ரோஜர் ஜானஸும் விமானியாகச் சேர்ந்தார்.

ஜெர்மனியில் செப்பலின் ஆகாயக் கப்பல்கள் இதற்கு முன்பே பயணிகளை ஏற்றினவே?

நியாயமான கேள்வி. டெலாக் என்ற ஜெர்மன் நிறுவனம் 1909 நவம்பரில் தொடங்கியது. 1910 முதல் ஆகாயக் கப்பல்களில், அதாவது இறக்கை இல்லாமல் வாயு நிரப்பிய உடலால் மிதக்கும் ஊர்திகளில், ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றியது. பயணிகளை ஏற்றிய முதல் வான் போக்குவரத்து நிறுவனம் எது என்று கேட்டால் பதில் டெலாக். ஆனால் முதல் உலகப் போருக்கு முன் அதன் பயணங்கள் பெரும்பாலும் சுற்றிக்காட்டும் பயணங்களே. இரண்டு ஊர்களுக்கு இடையே தினசரி அட்டவணை என்று டெலாக் ஓட்டியது 1919இல், பொடன்சே கப்பலில், பெர்லினுக்கும் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபெனுக்கும் இடையே.

எனவே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் பட்டத்தில் இரண்டு சொற்கள் விடக் கூடாதவை: அட்டவணை, இறக்கை விமானம். இவற்றை விட்டுவிட்டு உலகின் முதல் வான்பயணம் என்று எழுதுபவர்கள் வீண் சண்டையை விலைக்கு வாங்குகிறார்கள்.

இவ்வளவு நன்றாக நடந்தது என்றால் ஏன் நான்கே மாதத்தில் மூடினார்கள்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு விமானத்தில் ஒரு பயணி. அட்டவணைப்படி நாளுக்கு நான்கு ஓட்டம். அத்தனையும் நிரம்பினாலும் வசூல் 20 டாலர், வாரத்துக்கு 120. அதில் எரிபொருள், மெக்கானிக் கூலி, விமானிகளின் சம்பளம், உப்புத் தண்ணீரில் கெட்டுப்போகும் எஞ்சினின் பராமரிப்பு எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு பென்வா விமானத்தின் விலையே 4,000 டாலரைத் தாண்டும்.

நான்கு மாதத்தில் 1,205 பேர் என்றால் நாளுக்குச் சராசரி பத்துப் பேர் வருகிறது. நான்கு இருக்கை அட்டவணைக்கு இது எப்படிச் சாத்தியம்? இரண்டாவது விமானம் வந்து சேர்ந்தது. தேவைக்கேற்பக் கூடுதல் ஓட்டங்களும் தனிப் பயணங்களும் நடந்தன. சேவையைத் தெற்கே மனாட்டி, பிராடென்டன், சரசோட்டாவரை நீட்டியும் பார்த்தார்கள். எல்லோரும் 5 டாலர் கொடுத்ததாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம். இரண்டு விமானம் வாங்கிய காசுகூடத் தேறாது.

ஒப்பந்தத்தின் மூன்று மாதம் மார்ச் கடைசியில் முடிந்தது. அதோடு ஊரின் உத்தரவாதமும் முடிந்தது. வெயில் ஏறியதும் சுற்றுலாக்காரர்கள் வடக்கே மூட்டை கட்டினார்கள். உள்ளூர்க்காரர்களை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. மே தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்த ஆகஸ்டில் ஐரோப்பாவில் போர் மூண்டது. விமானங்களுக்கும் விமானிகளுக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

இதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. மூன்று மாதம் ஓட்டுவதாகச் சொன்னார்கள், ஓட்டினார்கள். யாரும் ஏமாற்றப்படவில்லை. அவர்களிடம் இல்லாதது ஒன்றுதான்: ஆள் இல்லாத நாளிலும் நிச்சயமாகக் காசு தரும் சரக்கு. பின்னாளில் அந்த இடத்தைத் தபால் நிரப்பியது. 1925இல் வந்த கெல்லி சட்டம் அமெரிக்காவில் விமானத் தபாலைத் தனியாருக்கு ஒப்பந்தத்தில் விட்டது. பெரிய அமெரிக்க விமான நிறுவனங்கள் பல அந்தத் தபால் பையின் மேல்தான் வளர்ந்தன. ஊர் வணிகர்கள் சொந்தப் பையிலிருந்து மூன்று மாதம் செய்ததை, அரசு தபால்தலை வழியாக வருடக்கணக்கில் செய்தது.

அதற்குப் பிறகு உடனே வேறு யாராவது தொடங்கினார்களா?

போர் முடியும்வரை இல்லை என்றே சொல்லலாம். 1919 ஆகஸ்ட் 25 அன்று லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே தினசரி சேவை தொடங்கியது. அதே வருடம் நெதர்லாந்தில் கே.எல்.எம்., அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில் குவான்டாஸ் என்று விமான நிறுவனங்கள் உருவாயின. ஃபுளோரிடாவிலேயே ஏரோமரீன் என்ற நிறுவனம் கீ வெஸ்ட்டிலிருந்து ஹவானாவுக்கு நீர்விமானம் விட்டது. மதுவிலக்குக் காலம், கியூபாவில் மதுவுக்குத் தடை இல்லை. வாடிக்கையாளர்களைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

சம்பந்தப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்?

ஜானஸ், கர்ட்டிஸ் என்ற அமெரிக்க விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் சார்பில் ரஷ்யாவுக்குப் போய் அங்கே விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 1916 அக்டோபர் 12 அன்று செவஸ்டபோல் அருகே அவர் ஓட்டிய விமானம் கருங்கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை. வயது 27. தம்பி ரோஜர் 1918இல் பிரான்ஸில் விமான விபத்தில் இறந்தார். தாமஸ் பென்வா 1917இல் ஒஹாயோ மாநிலத்து சாண்டஸ்கியில் டிராம் வண்டியில் போகும்போது வெளியே எட்டிப்பார்த்து, கம்பத்தில் தலை மோதி இறந்தார். விமானம் செய்து விற்றவருக்கு டிராமில் சாவு. முதல் பயணி ஃபைல் 1922இல் காலமானார்.

ஊருக்கு இதனால் என்ன லாபம்?

விளம்பரம். அதற்காகத்தான் வணிகர்கள் பணம் போட்டார்கள், அது கிடைத்தது. 1910இல் 4,127 ஆக இருந்த மக்கள்தொகை 1920இல் 14,237 ஆனது. இது முழுக்க விமானத்தால் என்று சொன்னால் அது புருடா. ஃபுளோரிடா நில வியாபாரம் சூடு பிடித்த காலம் அது. ரயிலும் ரோடும் ஹோட்டல்களும் சேர்ந்து செய்த வேலை.

விரிகுடாவைக் கடக்கும் பிரச்சினையைத் தீர்த்ததும் விமானம் அல்ல, பாலம். 1924 நவம்பரில் திறந்த காண்டி பாலம் 43 மைல் சுற்றுவழியை 19 மைலாகக் குறைத்தது. அதன் பிறகு இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே விமானத்தில் பறக்க யாருக்கும் காரணம் இல்லை.

ஆனால் விமானத்தோடு ஊரின் உறவு அறுந்துவிடவில்லை. நகர மையத்தை ஒட்டி, கரையிலேயே ஆல்பர்ட் விட்டெட் விமான நிலையம் அமைந்தது. அந்த ஊர்க்காரரான கடற்படை விமானி ஒருவரின் பெயர் அது. 1934 அக்டோபரில் டெட் பேக்கர் என்பவர் இரண்டு பழைய விமானங்களோடும் ஒரு தபால் ஒப்பந்தத்தோடும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து டேட்டோனா பீச்சுக்குச் சேவை தொடங்கினார். அதுதான் நேஷனல் ஏர்லைன்ஸ். பின்னர் மயாமிக்குத் தலைமையகத்தை மாற்றி, பெரிய நிறுவனமாகி, 1980இல் பான் ஆம் நிறுவனத்தோடு இணைந்தது.

இன்று அங்கே போனால் பார்க்க என்ன இருக்கிறது?

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரலாற்று அருங்காட்சியகத்தில் பென்வா விமானத்தின் முழு அளவு மாதிரி தொங்குகிறது. எழுபதாவது ஆண்டு நிறைவான 1984இல் மறுபடி பறந்துகாட்டுவதற்காகக் கட்டியது. அசல் விமானங்கள் இப்போது இல்லை. மாதிரியின் அடியில் நின்று பார்ப்பவர்கள் அந்த மரப் பலகையையும் பின்னாலிருக்கும் செயினையும் கவனியுங்கள். புகைப்படங்களில் அவை சரியாகத் தெரிவதில்லை.

அருங்காட்சியகம், கரையிலிருந்து விரிகுடாவுக்குள் நீளும் நடைமேடைக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. விமானம் கிளம்பிய நீர்ப்பகுதி அங்கிருந்து நடக்கிற தூரம். விமானத்துறையில் சாதித்தவர்களுக்கு டோனி ஜானஸ் விருது 1960களிலிருந்து வழங்கப்பட்டு வருகிறது. 2014 ஜனவரி 1 அன்று நூற்றாண்டை ஊர் கொண்டாடியது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமும் அந்த வருடத்தை வணிக விமானப் பயணத்தின் நூறாவது ஆண்டாக நினைவுகூர்ந்தது. வெளியூரிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் இறங்குவது எதிர்க்கரையில், டாம்பா சர்வதேச விமான நிலையத்தில். அங்கிருந்து காரில் பாலத்தின் மேல் வந்தால், போக்குவரத்து நெரிசல் இல்லாத நாளில், ஜானஸ் எடுத்துக்கொண்டதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும்.